ஈகோஃபேன்: விறகு அடுப்பின் மேல் வைக்கும் ஃபேன் கூதல் புகும் வீட்டைச் சூடாக்குமா?

ஒன்டாரியோவின் கிராமப்புறங்களில் இருக்கும் பழைய பண்ணை வீடுகளில் பனிக்காலம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். விறகு அடுப்பு இருக்கும் ஹாலில் 27 டிகிரி செல்சியஸ். அங்கே ஸ்வெட்டர் போட்டு உட்கார முடியாது. பின்பக்கப் படுக்கையறையில் 14 டிகிரி. இரண்டுக்கும் நடுவே உள்ள நடையில் கணுக்காலைச் சுற்றிக் கூதல் காற்று ஓடிக்கொண்டே இருக்கும். இந்த நிலையில் முதலில் பலரின் கண்ணில் படுவது அடுப்பின் மேல் வைக்கும், கரண்ட் தேவைப்படாத சின்ன ஃபேன். அந்த வகையில் நன்கு அறியப்பட்டது கனடாவின் காஃப்ரமோ நிறுவனம் தயாரிக்கும் ஈகோஃபேன். அதைப் பற்றியும், அதே வேலைக்கு அதைவிடக் குறைந்த காசில் கிடைக்கும் மற்ற வழிகளைப் பற்றியும் இங்கே பார்க்கலாம்.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஈகோஃபேன் நன்றாகச் செய்யப்பட்ட பொருள். அடுப்பு இருக்கும் அறைக்குள் அதன் வேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பின்னறைக்கு வெப்பத்தைக் கொண்டுபோகும் என்று நம்பி வாங்குபவருக்குத்தான் ஏமாற்றம் காத்திருக்கிறது. அந்த வேலைக்கு வேறு இரண்டு காரியங்களைச் செய்ய வேண்டும்: நடையில் ஒரு தரை ஃபேன் வைப்பது, கூரைக்கு அடியிலுள்ள பரணின் மூடியைக் காற்றுப் புகாமல் அடைப்பது. தரை ஃபேனின் செலவு ஈகோஃபேனின் விலையில் பாதிகூட வராது.

முதலில் அது சுழலும் விதம். அடியில் கனமான அலுமினிய அடித்தகடு, மேலே அகன்ற குளிர்த்தகடுகள், நடுவில் சுமார் 4 சென்டிமீட்டர் சதுரத்தில் ஒரு மெல்லிய மாட்யூல். ஒருபக்கம் சூடாகவும் மறுபக்கம் குளிராகவும் இருந்தால் அந்த மாட்யூலில் மின்னழுத்தம் பிறக்கும். 1821இல் தாமஸ் சீபெக் கண்ட விளைவு இது. இப்போதைய மாட்யூல்களில் அந்த வேலையைச் செய்வது பிஸ்மத் டெல்லூரைடு. அந்தச் சிறு மின்சாரத்தில் ஒரு குட்டி மோட்டார் சுழல்கிறது. இதில் மறக்கக் கூடாத விஷயம்: ஃபேன் வேகமாகச் சுழல அடி சூடாக இருந்தால் மட்டும் போதாது, மேல் தகடுகள் குளிர்ந்தும் இருக்க வேண்டும். வேகத்தைத் தீர்மானிப்பது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம். ஃபேனை வைக்கும் இடத்தில் செய்யும் தவறுகள் எல்லாம் இதைக் கவனிக்காததால் வருபவைதான்.

சரியான இடம் அடுப்பின் மேற்பரப்பில் பின்பக்க மூலை. புகைக்குழாய் ஒரு பக்கம் என்றால் ஃபேன் மறுபக்கம். அங்கே வைத்தால் அடுப்புக்குப் பின்னால் இருக்கும் ஓரளவு குளிர்ந்த காற்று தகடுகளுக்கு நடுவே இழுக்கப்பட்டு முன்னால் தள்ளப்படும். புகைக்குழாயை ஒட்டி வைத்தால் குழாயின் வெப்பம் தகடுகளைச் சுட்டு, வித்தியாசம் குறைந்து, ஃபேன் சோம்பிவிடும். நட்டநடுவிலோ முன்விளிம்பிலோ வைத்தாலும் இதே கதை: அடுப்பிலிருந்து நேராக எழும் சூட்டுக்குள் தகடுகள் குளித்துக்கொண்டிருக்கும். நெருப்பிடக் குழிக்குள் செருகிய அடுப்புகளில் பின்னால் குளிர்காற்றே கிடையாது. அவற்றுக்கு இந்த ஃபேனை வாங்க வேண்டாம்.

பெரிய மாடலான ஏர்மேக்ஸ் சுமார் 85 டிகிரியில் சுழலத் தொடங்கும். மேற்பரப்புக்கு நிறுவனம் சொல்லும் உச்ச வரம்பு 345 டிகிரி. வரம்பு நெருங்கும்போது அடியிலுள்ள இரட்டை உலோகப் பட்டை வளைந்து ஃபேனின் முன்பக்கத்தைச் சற்றே தூக்கிவிடும். அடுப்போடு உள்ள தொடர்பு குறைந்து மாட்யூல் தப்பிக்கும். ஃபேன் லேசாகச் சாய்ந்து நிற்பதைப் பார்த்து உடைந்துவிட்டதோ என்று கீழே அழுத்துபவர்கள் உண்டு. அதைச் செய்யக் கூடாது. அது சொல்வது அடுப்பின் காற்றுவழியைக் குறைக்க வேண்டும் என்பதைத்தான். காந்தத்தால் ஒட்டும் வெப்பமானி ஒன்றை வாங்கி ஃபேனுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். 200 முதல் 260 டிகிரிக்குள் அடுப்பை ஓட்டினால் ஃபேனுக்கும் நல்லது, புகைக்குழாய்க்கும் நல்லது.

எல்லா அடுப்புக்கும் இது ஒத்துவராது. தட்டையான வார்ப்பிரும்பு மேற்பரப்பு மிகச் சிறப்பு. வெளியே இன்னொரு உலோக உறை போட்ட அடுப்புகளில் மேல்தகடு அவ்வளவு சூடாவதில்லை, எனவே ஃபேன் அரைமனதாகச் சுற்றும். சோப்புக்கல் மேற்பரப்பு மெதுவாகச் சூடாகும். நெருப்பு மூட்டி வெகுநேரம் கழித்தே ஃபேன் எழும், ஆனால் நெருப்பு அடங்கிய பிறகும் தொடர்ந்து சுழலும். மரத்தூள் வில்லைகளை எரிக்கும் பெல்லட் அடுப்பில் ஏற்கெனவே ஊதுவிசிறி உண்டு. அதன் மேல் இதை வைப்பதில் பயனில்லை.

இனி முக்கியமான கேள்வி. எவ்வளவு வெப்பத்தை நகர்த்தும்? நிமிடத்துக்கு 100 கன அடி காற்று என்று வைத்துக்கொள்வோம். அது விநாடிக்கு சுமார் 47 லிட்டர். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறக்குறைய 1.2 கிலோஜூல் தேவை. ஹாலுக்கும் பின்னறைக்கும் 8 டிகிரி வித்தியாசம் என்றால், அந்தக் காற்று அவ்வளவும் அப்படியே கதவைத் தாண்டிப் போனாலும் நகரும் வெப்பம் 450 வாட். நடைமுறையில் அது கதவு வரை போவதே இல்லை. அடுப்பிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி ஒரு டிஷ்யூ துண்டைப் பிடித்தால் லேசாக அசையும், அவ்வளவுதான். அறைக்குள் மட்டும் கதை வேறு. அடுப்பின் மேல் நேராகக் கூரைக்கு ஏறிப்போகும் சூட்டை ஆள் உட்காரும் உயரத்தில் முன்னால் தள்ளுவதால் சோபா பக்கம் சீக்கிரம் கதகதப்பாகிறது. அதற்காக வாங்கினால் காசு வீண் போகாது.

அதே வீட்டில் 80 சென்டிமீட்டர் அகலமும் 2 மீட்டர் உயரமும் உள்ள ஒரு சாதாரணக் கதவைத் திறந்து வைத்துப் பாருங்கள். இருபுறமும் 4 டிகிரி வித்தியாசம் இருந்தால் போதும், எந்த ஃபேனும் இல்லாமலே ஏறக்குறைய 800 வாட் வெப்பம் அந்த வாசலில் கடந்துபோகும். வித்தியாசம் 6 டிகிரி என்றால் 1,400 வாட்டைத் தாண்டும். இதைக் கண்ணால் பார்க்கவும் முடியும். நிலையின் மேலிருந்து கீழ்வரை, முழங்கை நீளத்துக்கு ஒன்றாக டிஷ்யூ துண்டுகளை டேப் போட்டு ஒட்டித் தொங்கவிடுங்கள். மேலே உள்ளவை ஹாலிலிருந்து நடைப்பக்கம் சாயும். கீழே உள்ளவை நடையிலிருந்து ஹால் பக்கம் சாயும். இடுப்பு உயரத்துக்கு அருகே ஒன்று எந்தப் பக்கமும் போகாமல் நேராகத் தொங்கும். சூடான காற்று மேலாகப் போகிறது, குளிர்ந்த காற்று கீழாகத் திரும்பி வருகிறது. இந்த ஓட்டத்துக்கு உதவி செய்வதுதான் சரியான வழி.

உதவி செய்ய வேண்டியது கீழே வரும் குளிர்காற்றுக்கு. 8 அல்லது 10 அங்குல மேசை ஃபேன் ஒன்றை எடுத்து, குளிரும் அறையின் பக்கமாக நடையில், தரையிலேயே வையுங்கள். முகம் ஹாலை நோக்கி இருக்கட்டும். மிகக் குறைந்த வேகம். சூடான அறையிலிருந்து குளிர் அறைக்கு ஊதினால்தானே சூடு போகும் என்று தோன்றும். அப்படி ஊதும்போது, வாசலின் கீழ்ப்பாதியில் இயல்பாக வந்துகொண்டிருக்கும் குளிர்காற்றை ஃபேன் எதிர்த்துத் தள்ளுகிறது. இரண்டும் மோதிக் கலந்து, மேல் ஓட்டமும் குலைந்துவிடும். குளிர்காற்றை ஹாலுக்குள் தள்ளினால் அந்த இடத்தை நிரப்பக் கூரையை ஒட்டிய சூடான காற்று தானாகவே பின்னறைக்குள் போகும். ஃபேனைப் போட்டதும் அதே டிஷ்யூ துண்டுகளைப் பாருங்கள். மேலே உள்ளவை முன்னைவிட நன்றாகச் சாய்ந்து நிற்கும். சாயவில்லை என்றால் வேகம் அதிகம், அல்லது ஃபேன் வாசலுக்கு மிக நெருக்கம். ஒரு மீட்டர் பின்னால் நகர்த்துங்கள்.

இந்த ஃபேன் 25 முதல் 40 டாலருக்குக் கிடைக்கும். 30 வாட் இழுத்தால் ஒரு நாள் முழுக்க ஓடினாலும் 0.72 யூனிட்தான். ஈகோஃபேனின் பெரிய மாடலுக்கு அதைப் போல் நாலைந்து மடங்கு விலை. கரண்ட் போனால் ஈகோஃபேன் சுழலும், இது சுழலாது. பனிப்புயலில் கம்பி அறுந்து நாள்கணக்கில் இருட்டில் இருக்கும் ஊர்களில் அது சின்ன விஷயமில்லை. அதை நாங்கள் குறைத்து மதிப்பிடவில்லை.

தரை ஃபேனில் கவனிக்க வேண்டியவை சில உண்டு. காற்று நேராக அடுப்பின் முகத்தில் அடிக்கக் கூடாது. அடுப்பின் கதவைத் திறந்து விறகு போடும்போது அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் புகை வெளியே வரும். வயரை அடுப்பிலிருந்து குறைந்தது ஒரு மீட்டர் தள்ளிக் கொண்டுபோங்கள். தரையில் இருப்பதால் தூசியும் நாய் முடியும் சீக்கிரம் சேரும். மாதம் ஒருமுறை பின்வலையை வாக்யூம் செய்யாவிட்டால் மோட்டார் சூடாகும்.

கூரை உயரமான ஹாலில் சீலிங் ஃபேன் இருந்தால் அதைத் தலைகீழ்ச் சுழற்சிக்கு மாற்றிக் குறைந்த வேகத்தில் விடுங்கள். காற்று மேல்நோக்கிப் போய்ச் சுவர்வழியே இறங்கும், தலையில் குளிர் அடிக்காது. பெரும்பாலான ஃபேன்களில் கீழிருந்து பார்த்தால் கடிகார முள் திசையில் சுழல வேண்டும். மோட்டார் பக்கத்தில் சிறு ஸ்விட்ச் இருக்கும்.

மாடி வீடுகளில் ஹால் கூரையில் ஓட்டை போட்டு ஜாலி வைக்கும் பழக்கம் பழைய வீடுகளில் உண்டு. வேலை செய்யும், ஆனால் குளிர்காற்று கீழே இறங்க இன்னொரு வழி இருந்தால்தான். மாடிப்படி அந்த வழியாக இருக்கலாம். படிக்கட்டுக் கதவை மூடி வைத்தால் ஜாலியால் பயன் பாதிகூட இருக்காது. தீப்பிடித்தால் புகையும் அதே ஓட்டை வழியாகத்தான் மேலே உறங்குபவர்களிடம் போகும். வெப்பத்தில் உருகும் இணைப்புள்ள, தானாக மூடிக்கொள்ளும் டேம்பர் (காற்றுவழியை அடைக்கும் தகடு) இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். நகராட்சியின் கட்டட அதிகாரியிடமும் இன்சூரன்ஸ் நிறுவனத்திடமும் முன்னதாகவே கேட்டுவிடுவது நல்லது. அடுப்புச் சூட்டை ஃபர்னஸின் (குழாய்கள் வழியே வீடு முழுக்கச் சூடான காற்றை அனுப்பும் உலை) ஃபேன் வழியாக வீடெங்கும் அனுப்பும் யோசனையைப் பலர் சொல்வார்கள். அது சரிவராது. குழாய்கள் குளிர்ந்த பேஸ்மென்டில் ஓடுகின்றன. காற்று அறைக்கு வந்து சேரும்போது கையில் குளிராகத்தான் படும். காற்றை உள்ளிழுக்கும் ஜாலி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தால் புகையையும் இழுக்கும் ஆபத்து வேறு.

இவ்வளவும் வீட்டுக்குள் காற்றைச் சுற்றவிடும் கதை. கூதல் புகும் வீட்டில் அதைவிடப் பெரிய கதை ஒன்று இருக்கிறது. 350 கன மீட்டர் வீட்டில் ஒரு மணி நேரத்துக்கு 0.8 மடங்கு காற்று மாறுகிறது என்று கொள்ளுங்கள். உள்ளே 20, வெளியே மைனஸ் 15. இடுக்குகள் வழியே வெளியேறும் வெப்பம் மட்டும் சுமார் 3,300 வாட். நடுத்தர அடுப்பு ஒன்று தருவதில் பாதி. அடுப்பின் மேல் எத்தனை ஃபேன் வைத்தாலும் இந்த ஓட்டைக்கு முன்னால் அது எடுபடாது. ஓட்டைப் பானையில் நீர் நிற்காது.

கூதல் கீழே தெரிகிறது என்பதால் எல்லாரும் கீழேயிருந்து அடைக்கத் தொடங்குவார்கள். வேரோ மேலே. சூடான காற்று பரண் வழியாக வெளியேறுவதால்தான் கீழே குளிர்காற்று உறிஞ்சப்படுகிறது. 6 மீட்டர் உயர வீட்டில் மேற்சொன்ன வெப்பநிலைகளில் அடியிலிருந்து உச்சிவரை இந்த அழுத்த வேறுபாடு கிட்டத்தட்ட 10 பாஸ்கல். நல்ல சிம்னியின் இழுப்பே 12 முதல் 25 பாஸ்கல்தான். அதாவது கசியும் பரண், அடுப்புச் சிம்னியோடு போட்டி போடும் இன்னொரு சிம்னி. எனவே முதல் வேலை பரண்.

காற்றடிக்கும் குளிர்நாளில் ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்திக்கொண்டு பரண் மூடியைச் சுற்றிக் காட்டுங்கள். புகை இடுக்குக்குள் இழுபடுவது தெளிவாகத் தெரியும். மூடியின் ஓரம் முழுக்க நுரை வெதர்ஸ்ட்ரிப் (இடுக்கை அடைக்கும் பட்டை) ஒட்டி, முதுகில் இரண்டு அங்குலக் கெட்டி நுரைப்பலகை வைத்து, அழுத்திப் பிடிக்க இரண்டு கொக்கி போடுங்கள். கூரையில் பதித்த விளக்குகள், குளியலறை ஃபேன் உறை, சுவருக்குள் ஏறும் வயர் துளைகள் அடுத்து. சிம்னி பரணைக் கடக்கும் இடத்தில் மட்டும் அவசரம் வேண்டாம். அங்கே ஸ்ப்ரே ஃபோம் தொடவே கூடாது. தீப்பிடிக்கும் மரத்துக்கும் உலோகச் சிம்னிக்கும் இரண்டு அங்குல இடைவெளி காலியாக இருந்தாக வேண்டும். இடைவெளியை உலோகத் தகட்டால் மூடி, ஓரத்தில் உயர் வெப்ப சீலன்ட் பூச வேண்டும். பஞ்சு இன்சுலேஷனும் சிம்னியைத் தொடக் கூடாது.

பிறகு பேஸ்மென்ட். அத்திவாரச் சுவரின் மேல் மரச்சட்டம் உட்காரும் இடம் பழைய வீடுகளில் கைவிரல் நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். கெட்டி நுரைப்பலகையை அளவுக்கு வெட்டிச் செருகி, ஓரங்களை ஸ்ப்ரே ஃபோமால் அடையுங்கள். ஜன்னல்களுக்குப் பனிக்காலத்தில் ஹேர் டிரையரால் இறுக்கும் பிளாஸ்டிக் படலம் போதும். கதவின் அடிக்கு ரப்பர் பட்டை. சாமான் செலவு பெரும்பாலும் நூறு டாலருக்குள் முடியும். உழைப்பு ஒரு வாரக் கடைசி.

அடைத்த பிறகு ஒரு சோதனை கட்டாயம். அடுப்புக்கும் மூச்சு வேண்டும். நெருப்பு லேசாக இருக்கும்போது, சிம்னி கதகதப்பாக இருக்கையில், ஜன்னல் கதவுகளை மூடி, சமையலறை ஹூட், குளியலறை ஃபேன், துணி டிரையர் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓடவிடுங்கள். அடுப்புக் கதவின் இடுக்கில் ஊதுபத்தியைப் பிடியுங்கள். புகை உள்ளே போனால் சரி. அறைப்பக்கம் திரும்பினால் உடனே ஜன்னலைத் திறந்து, அடுப்புக்கு வெளிக்காற்றுக் குழாய் போடும் வழியைப் பாருங்கள். ஹூட் ஓடும்போது அடுப்பை எரிக்காதீர்கள். கார்பன் மோனாக்சைடு அலாரம் ஒன்டாரியோவில் சட்டப்படியே கட்டாயம், படுக்கையறைகளுக்கு அருகே இருக்க வேண்டும். வீட்டை வாங்கும்போதே வெட் (WETT, விறகு அடுப்பு வேலைகளுக்கான கனடியச் சான்றிதழ்) பெற்ற ஆய்வாளரை வைத்து அடுப்பைப் பார்த்துவிட்டால் இன்சூரன்ஸ் பக்கமும் சிக்கல் குறையும்.

மீண்டும் ஃபேனுக்கு. பழுதுகள் பெரும்பாலும் இரண்டு இடத்தில்தான் வருகின்றன. சுழலாமல் நின்றுபோன ஃபேனை ஆற விட்டு, மோட்டார் வயர்களைக் கழற்றி 1.5 வோல்ட் பேட்டரியில் தொடுங்கள். சுழன்றால் மோட்டார் நலம், போனது மாட்யூல். மாட்யூல் போவதற்குப் பெரும்பாலான காரணம் அதிகச் சூடு: உள்ளே உள்ள பற்றாசு உருகிவிடுகிறது. அடியையும் மேல்பகுதியையும் இணைக்கும் திருகுகளைக் கழற்றி, பழைய வெப்பப் பசையைச் சுரண்டித் துடைத்து, புதிய பசையை மெல்லிய படலமாகத் தடவி, புது மாட்யூலை அதே திசையில் வைத்துச் சமமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் முறுக்கினால் மாட்யூலின் பீங்கான் தகடு விரிசல் விடும். வயர் திசை மாறினால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழன்று காற்றை உங்களை விட்டு இழுக்கும்.

இணையத்தில் ஈகோஃபேன் விலையில் மூன்றில் ஒரு பங்குக்குக் கிடைக்கும் நான்கு, ஆறு இறக்கை ஃபேன்களும் இதே கோட்பாடுதான். சீக்கிரம் சுழலத் தொடங்குவதாலும் இறக்கை அதிகம் என்பதாலும் காற்று அதிகம் என்று நினைக்க வேண்டாம். இறக்கையின் எண்ணிக்கையைவிட அதன் அகலமும் சாய்வும்தான் காற்றைத் தீர்மானிக்கும். இவற்றில் பலவற்றில் சூட்டில் தானாகத் தூக்கும் பட்டை இருக்காது. அப்படிப்பட்டதை வாங்கினால் காந்த வெப்பமானியை மறக்காதீர்கள், அடுப்பை 300 டிகிரிக்கு மேல் விடாதீர்கள். இறக்கைக்கு முன்னால் வலை இல்லாதவையும் இதில் உண்டு, குழந்தைகள் இருக்கும் வீட்டில் அவை வேண்டாம்.

திறந்த ஒரே ஹாலும் சமையலறையும் உள்ள காட்டேஜ், தட்டையான வார்ப்பிரும்பு அடுப்பு, அடிக்கடி கரண்ட் போகும் ஊர்: இந்த மூன்றும் பொருந்தினால் ஈகோஃபேனைத் தயங்காமல் வாங்கலாம். அறை அறையாகப் பிரித்த பழைய பண்ணை வீட்டில் பரண் மூடியும் தரை ஃபேனும் முதலில். அவை முடிந்தும் சோபா பக்கம் குளிர்கிறது என்றால் அப்போது ஈகோஃபேனைப் பற்றி யோசிக்கலாம். படுக்கையறைக் கதவை இரவில் மூடித்தான் ஆக வேண்டும் என்பவர்கள் சுவரில் கூரையை ஒட்டி ஒன்றும் தரையை ஒட்டி ஒன்றுமாக இரண்டு ஜாலிகள் வைக்க வேண்டும். கதவின் அடியில் விடும் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி 160 சதுர சென்டிமீட்டர்தான், அது போதாது.